எல்லார் வீட்டிலும் இருக்கிற எண்

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபது. நல்ல வெயில். மேகமும் இல்லை, காற்றும் இல்லை. கடல் காற்று சாத்தாங்காட்டுக்கு வந்து சேர மதியம் ஒன்றரை ஆகும். அதுவரை இரும்பு மார்க்கெட்டில் எந்தத் தகட்டிலும் வெறும் கையை வைக்க முடியாது. அந்த நேரத்தில்தான் முதலாளியின் மகன் என் மேசைமேல் இரண்டு தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்தான். ஒன்று கணினியிலிருந்து அச்சடித்த பட்டியல். இன்னொன்று செல்போனில் எடுத்த படம். படத்தில் இருந்தது என் வீட்டுக் கணினி. இரண்டு தாளிலும் ஒரே எண்ணை மஞ்சள் மையால் வட்டமிட்டிருந்தான். 192.168.1.7.

“நீங்களே பாத்து நீங்களே சொல்லுங்க அங்கிள்,” என்றான்.

நான் அந்த இரும்புக் கடையில் இருபத்திரண்டு வருடம் கணக்கு எழுதியவன். அதற்கு முன்னால் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன், அது மூடிப்போனது. எழுபத்தொரு வயதிலும் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்றால், வீட்டில் உட்கார்ந்தால் சுவரில் எத்தனை ஆணி இருக்கிறது என்று எண்ணத் தொடங்கிவிடுவேன் என்பதுதான் காரணம். என் மனைவி அப்படித்தான் சொல்வாள். பதினேழு ஆணி.

விஷயம் ஜூன் மாதத்திலேயே தொடங்கிவிட்டது. நாங்கள் விற்பது தகடும் காயிலும். காயில் என்றால் பாய்போலச் சுருட்டி வருகிற இரும்புத் தகடு. மணலியிலும் எண்ணூரிலும் இருக்கும் கம்பெனிகள் விலை கேட்கும், நாங்கள் மின்னஞ்சலில் விலை அனுப்புவோம், யார் குறைவோ அவர்களுக்கு ஆர்டர். ஜூனில் ஒரு தடவை, நாலு வரிசை தள்ளி இருக்கும் கடைக்காரர் எங்களைவிட டன்னுக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்து ஆர்டரை வாங்கிக்கொண்டார். சரி, நடப்பதுதான். ஜூலையில் இரண்டு தடவை அதே ஆள், அதே ஐம்பது ரூபாய். மூன்றாவது தடவை யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கள் விலை வெளியே போகிறது. விலை தெரிந்தவர்கள் மூன்றே பேர். விலை சொல்லும் முதலாளி, அதைப் பார்த்து அனுப்பும் மகன், அதைத் தட்டச்சு செய்யும் நான்.

முதலாளி ஒரு கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தார். மார்க்கெட்டில் பாதிக் கடைகளுக்கு அவர்தான் கணினி பார்ப்பவர். அவர் புத்தகம் அளவுக்கு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கடை இன்டர்நெட்டின் வாசலில் மாட்டினார். ஃபயர்வால் என்றார். எனக்குப் புரிவதற்காக, நம் கேட்டில் வாட்ச்மேன் நோட்டுப் போட்டு எழுதுவதைப் போலத்தான் சார் என்றார். எந்த எண்ணிலிருந்து எத்தனை மணிக்கு என்ன போனது, என்ன வந்தது, எது தடுக்கப்பட்டது என்று அது எழுதிக்கொண்டே இருக்குமாம். எட்டு நாள் கழித்து அந்தப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். படித்துப் பார்த்தாரா என்று தெரியாது. அவருக்கு அன்று வேறு இரண்டு கடை இருந்தது.

பட்டியலில் 192.168.1.7 என்ற எண்ணிலிருந்து மூன்று நாட்கள், மதிய நேரத்தில், பெரிய பெரிய கோப்புகள் வெளியே ஒரு சேமிப்பு இடத்துக்குப் போயிருந்தன. கடையில் என் மேசைக் கணினியின் எண் 3 என்று முடியும். அதனால் நான் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தேன். என் வீட்டுக் கணினியை நான் நினைக்கவே இல்லை.

அந்த வீட்டுக் கணினி கொரோனா ஊரடங்கில் வந்தது. வரிக் கணக்கை வீட்டிலிருந்தே போடுவதற்காகக் கடைதான் கொடுத்தது. ஏதாவது கோளாறு என்றால் போனில் சொல்ல வசதியாக இருக்கும் என்று கம்ப்யூட்டர்காரர் அதன் எண்ணை ஒரு சிறு காகிதத்தில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டியிருந்தார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் என் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை ஆனது. நலம் விசாரிக்க முதலாளியின் மகன் திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். அரைக் கிலோ இனிப்பு. கண்ணில் மறைப்புப் போட்டுக்கொண்டே அவள் காபி கலந்து கொடுத்தாள். நான் பால் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்க உள்ளே போன நேரத்தில் அவன் அந்தக் காகிதத்தைப் படம் எடுத்திருக்கிறான். என்ன நினைத்து எடுத்தானோ தெரியாது. பட்டியல் கைக்கு வந்ததும் அந்தப் படம் அவனுக்கு உதவியது.

முதலாளி உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். அவர் என்னைவிட மூன்று வயது சின்னவர். என்னை அண்ணே என்பார், நான் அவரை முதலாளி என்பேன். தாள்களை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார் என்பது அவர் அவற்றைப் பார்க்காததிலிருந்து தெரிந்தது.

சாத்தாங்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆலையிலிருந்து வரும் ஒவ்வொரு காயிலுக்கும் ஓர் எண் இருக்கும். உலகத்தில் அந்த எண்ணில் இன்னொரு காயில் கிடையாது. சரக்கு மாறிப்போய்விட்டால் இங்கே போலீசும் கிடையாது, பஞ்சாயத்தும் கிடையாது. நம் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் எதிராளி கடையில் கிடக்கும் காயில் எண்ணும் ஒன்றாக இருந்தால் அவன் வாயைத் திறக்காமல் கிரேன் வைத்துத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் காயில்களை அப்படி நான் எண்ணைப் படித்துக் காட்டியே மீட்டிருக்கிறேன். ஐந்து தடவை. எதிராளி ஒரு தடவையும் ஏன் என்று கேட்டதில்லை.

“நம்பர் ஒத்துப்போச்சு அண்ணே,” என்றார் முதலாளி. “ஒத்துப்போனதுக்கு அப்புறம் இந்த மார்க்கெட்ல யாராவது பேசி நீங்க பாத்திருக்கீங்களா?”

நான் பேசினேன். அந்த மூன்று நாளும் அந்த நேரத்தில் நான் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன் என்றேன். வீட்டில் கணினியைப் போட்டுவிட்டு வந்தால் அது தானாக அனுப்பும் என்று மகன் பதில் வைத்திருந்தான். என் மனைவிக்கு அந்தக் கணினியை அணைக்கக்கூடத் தெரியாது என்றேன். அதைத்தான் நானும் சொல்றேன் அங்கிள் என்றான். கடையில் இருந்த மற்றவர்கள் எடைச் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். எடைச் சீட்டில் அவ்வளவு நேரம் பார்க்க எதுவும் கிடையாது.

மதியச் சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் சாப்பாட்டுப் பையைத் திறக்காமல் திரும்பி வந்தது அன்றுதான்.

மறுநாள் மாலை எங்கள் கடை மேஸ்திரி வந்தார். சரக்கு இறக்கும் ஆட்களை மேய்ப்பவர், வியாசர்பாடிக்காரர். வாசலில் நின்றபடியே பேசினார், உள்ளே வரவில்லை.

“நைனா, நீ ரேட்ட வித்துட்டேன்னு டீக்கடைல பேசிக்கினு கீறாங்க. நாலு வரிசையிலயும் இதே பேச்சு. நான் நம்பல.” போகத் திரும்பினார். “நான் நம்பி இன்னா ஆவப்போவுது.”

அவர் சொன்னது சரி. எனக்குப் போனது வேலை மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். கணக்கு எழுதுகிறவனுக்கு மார்க்கெட்டில் வேறு சொத்து கிடையாது. அவன் வாயிலிருந்து விலை வெளியே வராது என்கிற பேர் ஒன்றுதான். அந்தப் பேர் இருந்தால் எண்பது வயதிலும் யாராவது ஒரு நாற்காலி போடுவார்கள். அது போய்விட்டால் நான் நடந்து வருவதைப் பார்த்ததும் கணினித் திரையை அணைப்பார்கள். எனக்கு அந்தப் பேர் திரும்ப வேண்டும். முதலாளி தன் வாயால், டீக்கடைக்குக் கேட்கும்படி, அண்ணன் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த எண் என்ன என்று கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். எண்ணின் சொந்தக்காரர் யார் என்று தேடினால் இன்டர்நெட்டில் காட்டும் என்று படித்திருந்தேன். தேடினேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் இருக்கும் ஓர் அலுவலகத்தின் முகவரி வந்தது. என் கணினிக்குள் அமெரிக்காக்காரன் எப்படி வந்தான், என் வழியாகத்தான் விலையை எடுத்தானா என்று ஒரு மணி நேரம் பயந்துகொண்டிருந்தேன்.

“அமெரிக்காக்காரனுக்குச் சாத்தாங்காட்டுத் தகடு ரேட்டு எதுக்குங்க?” என்றாள் என் மனைவி. அவளுக்கு அப்போது ஒரு கண்தான் தெரியும்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நிதானமாகப் படித்தேன். அந்த அலுவலகம் யாரையும் தாக்கவில்லை. எந்த எண் யாருக்கு என்று பதிவு வைத்திருக்கும் இடம் அது. சில எண்களை யாருக்கும் விற்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 192.168 என்று தொடங்குபவை எல்லாம் அந்த ஒதுக்கிய எண்கள். 10 என்று தொடங்குபவையும் அப்படியே. யார் வேண்டுமானாலும் தன் வீட்டுக்குள், தன் கடைக்குள் வைத்துக்கொள்ளலாம். அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் வாசலைத் தாண்டி வெளியே அந்த எண்ணுக்கு மதிப்பு இல்லை. வெளியே போகும்போது வீட்டுக்கு என்று இருக்கும் வேறோர் எண்ணைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். சொந்தக்காரர் இல்லாத எண் என்பதால் பதிவு அலுவலகமே தன் முகவரியைப் போட்டு வைத்திருக்கிறது.

மூன்று தடவை படித்த பிறகு என் தொழிலை வைத்து அதைப் புரிந்துகொண்டேன். மார்க்கெட்டில் ஒவ்வொரு கடையிலும் சரக்கு அடுக்கும் இடத்தைப் பிரித்துத் தரையில் எண் எழுதியிருப்பார்கள். பே ஒன்று, பே இரண்டு, பே ஏழு. பே ஏழு எல்லாக் கடையிலும் இருக்கும். லாரிக்காரனிடம் கடை பேரைச் சொல்லாமல் பே ஏழுக்குப் போ என்று அனுப்புகிற மடையன் கிடையாது. என் மேசையில் வட்டமிட்ட எண் காயில் எண் இல்லை. அது பே எண். இதை இவர்களுக்குச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். படித்தவன் செய்கிற தப்பு அதுதான். சொன்னால் போதும் என்று நினைப்பான்.

ஆனாலும் காகிதத்தில் படித்ததை நான் நம்ப மாட்டேன். எண்ணிப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை மாலை எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், வைஃபை எண்ணைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். இரண்டு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் பாஸ்வேர்டு கேட்கிறேன் என்று நினைத்து, உங்கள் வீட்டில் நெட் இல்லையா தாத்தா என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். விஷயம் அவருக்குத் தெரியும்.

“இன்னா கணக்குப்புள்ள, எலெக்சன் டூட்டி எதுனா குட்த்துட்டாங்களா? வூடு வூடா வந்துகினு கீற,” என்றார். போனை நீட்டினார். எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினேன். 192.168.1.7.

“என்கிட்டயும் ஏழு கீது. அப்போ நானும் உன் மொதலாளி ரேட்ட வித்துகீறேன். எம்பங்கு எங்க நைனா?”

ஒன்பது வீடுகளில் போனும் கணினியும் டிவியுமாக இருபத்தொன்று பார்த்தேன். பதினான்கு எண்கள் 192.168.1 என்றே தொடங்கின. சரியாக 7 என்று முடிந்தவை, என் வீட்டை விட்டுவிட்டு, மூன்று. ஒன்று கிரேன்காரருடையது, ஒன்று ஒரு நர்ஸ் பெண்ணின் போன், ஒன்று ஒரு வீட்டு டிவி.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர்காரரை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் வர மாட்டேன் என்றார். மார்க்கெட்டில்தான் எனக்குச் சோறு சார் என்றார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன், நானாக எதையும் சொல்ல மாட்டேன் என்ற நிபந்தனையோடு, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டார். மகன் அன்று எண்ணூருக்கு ஒரு கம்பெனியைப் பார்க்கப் போயிருந்தான். முதலாளி உள்ளறையில் தனியாக இருந்தார்.

காயில் எண்ணையும் பே எண்ணையும் சொன்னேன். முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. முதலாளி அவ்வளவு வேகமாகப் புரிந்துகொண்டார். முட்டாளாக இருந்து அந்த மார்க்கெட்டில் முப்பது வருடம் இருக்க முடியாது.

“அப்போ இது உங்க வீட்டு ஏழு இல்ல,” என்றார். “நம்ம ஏழு.”

“ஆமா முதலாளி. நம்ம பெட்டி எழுதினது நம்ம உள்ளே இருக்கிற எண்ணைத்தான். வெளியே இருந்து யார் வந்திருந்தாலும் வேற எண் விழுந்திருக்கும்.”

அவர் கம்ப்யூட்டர்காரரைப் பார்த்தார். நம்ம உள்ளே ஏழு எது என்று கேட்டார். கேட்ட கேள்வி அது. கம்ப்யூட்டர்காரர் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லவில்லை. தன் மடிக்கணினியில் ஏதோ தட்டி, திரையை முதலாளி பக்கம் திருப்பி வைத்தார். எனக்குத் திரை தெரியவில்லை, தெரியவும் வேண்டாம். கடையின் நாலு கணினிகளுக்கும் 2 முதல் 5 வரை எண்கள். 6 அச்சு இயந்திரம். மேலே மாடியறைக்கு வந்து போகிற மடிக்கணினி ஒன்றே ஒன்று மிச்சம். அது யாருடையது என்று கடையில் டீ கொண்டுவருபவருக்கும் தெரியும்.

முதலாளி எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கதவு ஏற்கெனவே பாதி சாத்தித்தான் இருந்தது.

“நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணே,” என்றார். “நான் வந்து பேசுறேன்.”

அன்று நான் கிட்டத்தட்டச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். அதை நினைத்தால்தான் இப்போதும் எரிகிறது.

மகன் நாலு வரிசை தள்ளியிருந்த அந்தக் கடையில் பங்கு கேட்டுக்கொண்டிருந்தான் என்பது பிறகு தெரிந்தது. அப்பாவிடமிருந்து பிரிந்து தனியாக வியாபாரம் செய்ய ஆசை. நுழைவுச் சீட்டாக எங்கள் விலையைக் கொடுத்திருக்கிறான். அதைக்கூட நான் மன்னித்துவிடலாம். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே ஆயிரம் இருக்கும். ஆனால் அந்த 7 தன் மடிக்கணினிதான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் பட்டியலை அவனே என் மேசைக்குக் கொண்டுவந்திருப்பானா? தன்னைத் தப்பிக்க வைக்கும் சூழ்ச்சிகூட அதில் இல்லை. இரண்டு தாளில் ஒரே எண்ணைப் பார்த்தான், பெரியவர் ஒருவர் கையில் கிடைத்தார், வட்டம் போட்டுவிட்டான். சூழ்ச்சியால் கெட்டிருந்தால் எனக்கு ஒரு மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

புதன்கிழமை மாலை முதலாளியின் கார் எங்கள் தெருவுக்கு வந்தது. தெருவில் கார் நுழையாது. முனையில் விட்டுவிட்டு நடந்து வந்தார். உட்கார்ந்தார், என் மனைவியிடம் கண்ணைப் பற்றி விசாரித்தார், கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அதில் மூன்று வரிகள். என் வீட்டுக் கணினியை நான் கவனக்குறைவாக வைத்திருந்ததால் யாரோ அதன் வழியாக விலைகளை எடுத்துவிட்டார்கள் என்றும், நான் வேண்டுமென்று செய்யவில்லை என்றும், உடல்நிலை காரணமாக நானே வேலையை விடுகிறேன் என்றும் இருந்தது. கையெழுத்துப் போட்டால் இருபத்திரண்டு வருடத்துக்கான பணிக்கொடை மறுநாளே வரும்.

“இது உண்மை இல்லைன்னு உங்களுக்குத் தெரியும் முதலாளி.”

“தெரியும் அண்ணே. பையனுக்குப் பொண்ணு பேசி முடிச்சிருக்கோம். அவங்களும் இரும்பு வியாபாரம்தான். இந்தப் பேச்சு அவங்க காதுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான்.”

“என் பேச்சு வெளியே போய் ஆறு நாள் ஆச்சு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வெட்கம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெட்கத்தோடேயே பேசினார்.

“அவனுக்கு முப்பத்தொண்ணு. உங்களுக்கு எழுபத்தொண்ணு. இனிமே பேரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க அண்ணே?”

நியாயமான கேள்விபோலத்தான் இருக்கிறது. நாற்பது வருடம் மிச்சம் இருக்கிறவனுக்குப் பேர் வேண்டும், நாலு வருடம் மிச்சம் இருக்கிறவன் அதைக் கொடுத்துவிடலாம். கணக்காகப் பார்த்தால் சரியாக வரும். நான் விளக்கியது புரியாமல் போயிருந்தால் அவர் என்னைத் திருடன் என்று நினைத்து நிறுத்தியிருப்பார். புரிந்த பிறகு, திருடன் இல்லை என்று தெரிந்தே நிறுத்துகிறார். அந்த எண்ணைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதில் எனக்குக் கிடைத்த லாபம் இதுதான்.

தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். என் மனைவி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முதலாளி போன பிறகு, போட்டிருக்கலாமே என்று ஒரே தடவை சொன்னாள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கோபப்படவாவது வழி இருந்திருக்கும்.

சட்டப்படி பணிக்கொடையைக் கேட்கலாமா என்று விசாரித்தேன். பத்துப் பேராவது வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டுமாம். கடையில் வேலை செய்தவர்கள் பதினான்கு பேர். வருகைப் பதிவேட்டில் இருப்பது எட்டுப் பேர். முதலாளி சொன்னபடி அந்த எட்டை வருடா வருடம் அழகான கையெழுத்தில் எழுதிவைத்தவன் நான்தான்.

கல்யாணம் நவம்பரில் நடந்தது. எங்களுக்கும் பத்திரிகை வந்தது, தபாலில். கடையின் அந்த ஃபயர்வால் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள் என்று மேஸ்திரி சொன்னார். மார்க்கெட்டில் இன்னும் நான்தான் ரேட்டை விற்றவன். வங்கிக்குப் போக வேண்டுமென்றால் மார்க்கெட் வழியைத் தவிர்த்து ரயில்வே லைனைச் சுற்றிப் போகிறேன். அதிகப்படி பத்து நிமிடம். வீட்டிலிருந்த கணினியைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார்கள், கொடுத்துவிட்டேன்.

வராமல் போன பணிக்கொடை, கடைசிச் சம்பளத்தில் பதினைந்து நாள் வீதம் இருபத்திரண்டு வருடத்துக்கு, மூன்று லட்சத்து நாலாயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. ஆகஸ்டில் நான் வேலை செய்து அவர்கள் தராத பதினேழு நாள் சம்பளம், பதின்மூன்றாயிரத்து நூற்று அறுபத்தொன்று. கம்ப்யூட்டர்காரருக்கு நான் கொடுத்தது, ஆயிரத்து ஐந்நூறு. பைசாக்களை விட்டுவிட்டேன். ஆக மொத்தம், மூன்று லட்சத்துப் பத்தொன்பதாயிரத்து இருநூற்று எழுபத்தாறு ரூபாய்.